மறுமொழி: எண்ணெய்ச் ‘சலுகை’ வேண்டாமே

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். எண்ணெய் ‘கான்செஷன்’ (ஒரு பரப்பில் எண்ணெய் தேடி எடுக்க ஆட்சியாளர் கம்பெனிக்குத் தரும் உரிமை) என்பதற்குச் ‘சலுகை’ வேண்டாம் என்று நான் எழுதியதற்கு நேற்று வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே மறுமொழியாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

> கான்செஷன் என்றால் சலுகை. எல்லா அகராதியிலும் இருக்கிறது. இதில் என்ன குழப்பம்?

குழப்பம் எனக்கில்லை ஐயா, என் அக்கா மகளுக்கு. வளைகுடா எண்ணெய் வரலாற்று அத்தியாயத்தை மொழிபெயர்த்து அவளிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். ‘1934இல் குவைத் ஷேக் எண்ணெய்ச் சலுகை வழங்கினார்’ என்ற வரி வந்ததும், “லிட்டருக்கு எவ்வளவு குறைச்சார் மாமா?” என்றாள். அவள் மேல் தப்பில்லை. தமிழில் சலுகை என்றால் பஸ் பாஸ், ரயில் டிக்கெட், கல்லூரிக் கட்டணம். இருப்பவர் இல்லாதவருக்கு மனமிரங்கிக் கொடுப்பது.

குவைத்தில் நடந்ததோ வேறு. ஷேக் அகமது கையெழுத்துப் போட்டதும் கம்பெனி கொடுத்தது 4,75,000 ரூபாய். ஆமாம், இந்திய ரூபாய்தான். அந்தக் கரையில் அப்போது அதுதான் புழக்கம். எண்ணெய் கிடைத்தால் டன்னுக்கு 3 ரூபாய். காலம் 75 ஆண்டு. இதில் யார் யாருக்குச் சலுகை காட்டினார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். அரபியில் இதற்கு ‘இம்தியாஸ்’ என்கிறார்கள். தனிச்சிறப்பு, மற்றவருக்கு இல்லாத உரிமை என்ற பொருள். நம் ‘சலுகை’யைவிட அது விஷயத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

> அப்படியானால் குத்தகை என்று வைத்துக்கொள்ளலாமே. முத்துக்குளிக்கும் சலாபத்தைக்கூடக் குத்தகைக்குத்தானே விட்டார்கள்?

இந்த மடல்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கடலடியில் கிடப்பதை ஒருவருக்கு எழுதிக்கொடுப்பது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. மன்னாரின் முத்துப் பார்களை (சிப்பி விளையும் கடலடித் திட்டுகளை) பிரிட்டிஷார் தொடக்கத்தில் குத்தகைக்கு விட்டார்கள்; பாக் நீரிணைச் சங்குக்கும் குத்தகை இருந்தது. கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் கடலடி யாருக்குச் சொந்தம் என்று சட்ட அறிஞர்கள் வாதாடியபோது இலங்கை முத்துக்குளிப்பை எடுத்துக்காட்டியதும் உண்டு. ஆனால் அந்தத் தொடக்ககாலச் சலாபக் குத்தகை ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். வயல் குத்தகையிலும் ஆள் சரியில்லை என்றால் அடுத்த போகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அபுதாபி ஷேக் ஷக்பூத் 1939 ஜனவரி 11 அன்று எழுதிக்கொடுத்தது 75 ஆண்டுக்கு. அது முடிந்தது 2014 ஜனவரியில். அதற்குள் அவர் பதவி போய், பிரிட்டிஷாரும் போய், அமீரகம் என்று ஒரு நாடே உருவாகிவிட்டது. இதைக் குத்தகை என்றால் குத்தகைக்காரர் கோபித்துக்கொள்வார்.

என் முன்மொழிவு: எடுப்புரிமை. எண்ணெய் எடுப்புரிமை, கடல் எடுப்புரிமை, எடுப்புரிமைப் பரப்பு என்று நன்றாகவே ஒட்டுகிறது. தேடுவது, துளைப்பது, எடுப்பது, விற்பது எல்லாம் அதற்குள் அடங்கும். ‘எடுப்பு’ என்றதும் பழைய கழிப்பிடம் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். எனக்கும் வந்தது. ஆனால் ‘உரிமை’ சேர்ந்ததும் அந்த வாடை போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

> ‘புரொடெக்டட் ஸ்டேட்’ என்பதற்குப் பாதுகாக்கப்பட்ட நாடு?

பாதுகாக்கப்பட்ட குடிநீர் மாதிரி இருக்கிறது. காப்புநாடு போதும். சொந்த ஆட்சியாளர் இருந்து, வெளியுறவை மட்டும் இன்னொருவர் கையில் கொடுத்த நாடு. காப்பு என்றால் காவலும் உண்டு, ‘நான்கு பேருக்குக் காப்பு’ என்று நாளிதழ் தலைப்பில் வருகிற பொருளும் உண்டு. இங்கே இரண்டும் பொருந்துகிறது என்பது கூடுதல் லாபம்.

ஏன் என்றால், இந்த ஷேக்குகள் யாரும் தம் எண்ணெயைத் தம் விருப்பப்படி கொடுத்துவிட முடியாது. பிரிட்டிஷ் அரசு ஒப்பாத எவருக்கும் கொடுக்கமாட்டோம் என்று குவைத் 1913இலும், பஹ்ரைன் 1914இலும், அபுதாபி உள்ளிட்ட கரையோர ஷேக்குகள் 1922இலும் எழுதிக்கொடுத்துவிட்டார்கள். இதை வைத்துத்தான் பிரிட்டிஷ் அரசு எண்ணெய்க் கம்பெனிகளுக்கு நிபந்தனை போட்டது. பஹ்ரைனில் உரிமையைப் பிடித்தது கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில். கம்பெனி பிரிட்டிஷ் கம்பெனியாக இருக்கவேண்டும் என்றார்கள். சரி என்று 1929இல் கனடாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார்கள். போட்ட பணம் அமெரிக்கன், சட்டை பிரிட்டிஷ். அப்புறம் இயக்குநர்களில் ஒருவர் பிரிட்டிஷ்காரர், உள்ளூர்த் தலைமைப் பிரதிநிதிக்கு லண்டனின் ஒப்புதல், ஷேக்கிடம் பேசுவதென்றால் அங்கிருந்த பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியான பொலிட்டிக்கல் ஏஜென்ட் வழியாக மட்டும். (‘அரசியல் முகவர்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருப்பவர் நினைவுக்கு வருகிறார்.)

இந்த நிபந்தனைகள் எழுதப்பட்ட தாளுக்குத்தான் உண்மையில் பெயர் இல்லை. ‘பொலிட்டிக்கல் அக்ரிமென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே மாற்றினால் ‘அரசியல் உடன்படிக்கை’. தொகுதிப் பங்கீடு போலத் தொனிக்கும். அதில் கையெழுத்திடுவது பிரிட்டிஷ் அரசும் கம்பெனியும். எண்ணெய்க்குச் சொந்தக்காரரான ஷேக் அதில் இல்லை. குவைத்தில் இந்தத் தாள் 1934 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. ஷேக் எடுப்புரிமையில் கையெழுத்துப் போட்டது டிசம்பர் 23 அன்று. ஆகவே பெயரிலேயே யாருடைய தாள் என்று தெரியட்டும்: காவலரசு உடன்படிக்கை. காப்புநாட்டைக் காப்பவர் காவலரசு. அவர் போடுவது காவலரசு நிபந்தனை.

கடைசியாக ஒரு சிக்கல், இதில்தான் உங்கள் உதவி வேண்டும். அபுதாபியின் 1939 ஒப்பந்தம் அரபியில் எழுதப்பட்டது. நிலம், தீவுகள், அவற்றுக்குரிய ‘கடல்நீர்’ எல்லாம் கம்பெனிக்கு என்று அதில் இருந்தது. 1949 ஜூனில் ஷேக், கரைக்கு அப்பாலுள்ள கடலடி தமக்குரியது என்று அறிவித்து, அதை அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்தார். அதுவும் எங்களுடையதே என்று பழைய கம்பெனி வழக்குப் போட, 1951இல் பிரிட்டிஷ் நீதிபதி ஆஸ்குவித் பிரபு நடுவராக உட்கார்ந்தார். நவீன வணிக ஒப்பந்தத்துக்குப் பொருள்கொள்ள அந்தப் பாலைவனத்தில் சட்டம் ஏது என்று சொல்லிவிட்டு இங்கிலாந்துச் சட்ட நெறிகளைக் கையில் எடுத்தார் (எனக்கு இன்னும் எரிச்சல் தருகிற இடம்). ஆனால் தீர்ப்பு ஷேக்குக்குப் பெரும்பாலும் சாதகம். ‘கடல்நீர்’ என்பதில் மூன்று மைல் ஆட்சிக்கடலும் (கரையை ஒட்டி ஆட்சியாளரின் அதிகாரத்துக்கு உட்பட்ட கடல்) அதன் அடியும் சேரும். அதற்கப்பால் உள்ள கண்டத்திட்டு (கடலுக்கடியில் நீளும் நிலத்தின் தொடர்ச்சி) சேராது, அதன்மேல் உரிமை என்று ஒன்றை 1939இல் யாரும் நினைத்தே இருக்கவில்லை என்றார். அந்தக் கண்டத்திட்டில்தான் 1958இல் உம் ஷைஃப் எண்ணெய் வயல் கிடைத்தது. 1962இல் அபுதாபியின் தாஸ் தீவிலிருந்து முதல் எண்ணெய்க் கப்பல் புறப்பட்டது.

ஒரு சொல்லை வைத்து நடந்த வழக்கு இது. நம் குழுவில் இருவர், ஒப்பந்த வரியிலேயே ‘கடல்நீர்’ என்பதை ‘ஆட்சிக்கடல்’ என்று மாற்றிவிடலாம், வாசகருக்குப் புரியும் என்கிறார்கள். நான் மாற்றுவதாக இல்லை. 1939 வரியில் ‘கடல்நீர்’ என்றே இருக்கட்டும். ‘ஆட்சிக்கடல்’ 1951 தீர்ப்பு வரும் பக்கத்தில் வரட்டும். அதை நான் முன்னாலேயே தெளிவாக்கிவிட்டால் பிரபுவுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

மற்ற மூன்று சொற்களுக்கும் மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அத்தியாயம் திங்களன்று அச்சுக்கோப்புக்குப் போகிறது.