தங்கச்சிமடம் சொந்தங்கள்: லிங்க் காசு

ஃப்ளோரா: ஸ்டெல்லாக்கா, காசு ஏறிருச்சாமே

ஜான்சி: யாரு சொன்னா

ஃப்ளோரா: கருவாட்டுக்காரம்மா 😄 நமக்குத்தான் கடைசி

ஸ்டெல்லா: நேத்துதான் ஏறுச்சு. நம்ம அனுப்புன லிங்க்ல போயி ஆன்லைன் கடையில பொருள் வாங்குனதுக்கு வந்த கமிஷன் 6,200. பிப்ரவரியில வித்ததுக்கு இப்பதான் வருது. வாங்குனவங்க திருப்பி அனுப்புற கெடு முடிஞ்சாத்தான் கமிஷன் நெலைக்கும். யாரு லிங்க்ல வித்துச்சுன்னு தெரிய ஆளுக்கொரு ட்ராக்கிங் ஐடி போட்டிருக்கேன், அதனால கணக்குல சந்தேகமே இல்ல. ஃப்ளோரா 3,100, ஜான்சி 1,900, நான் 800, ரோஸி 400. ரோஸி லிங்க்ல போன ரெண்டு மிக்சியும் ரிட்டர்ன், அதுக்கு ஒண்ணும் கிடையாது. நம்ம லிங்க்ல நம்மளே வாங்குனாலும் கிடையாது. ஜான்சி, குக்கர்.

ஜான்சி: அது அத்தைக்கு

ரோஸி: 400ஆ

ரோஸி: அந்த மிக்சிக்கு எத்தனை போன் பேசுனேன். மாமியார ஆஸ்பத்திரியில வச்சுக்கிட்டு

சவேரி சித்தப்பா: பாம்பன்ல நண்டு என்ன விலை

ஸ்டெல்லா: அதுக்குத்தான் சொல்றேன், வள்ளத்துல போடுற மாதிரி பங்கு போடுவோம். முதல்ல ரீசார்ஜ் செலவு 1,200 கழிச்சிருவோம். மிச்சம் 5,000. அதுல பாதி வித்த கணக்குப்படி, பாதி நாலு பேருக்கும் சமமா. ரோஸிக்கு 786 வரும்.

ஃப்ளோரா: எனக்கு?

ஸ்டெல்லா: 1,875

ஃப்ளோரா: 3,100 கமிஷன் கொண்டாந்தவளுக்கு

அமல் அத்தான்: ஆளுக்கு 2,000 வாங்கிட்டு கீழ அஞ்சு பேரச் சேருங்க. இந்தச் சண்டையே வராது

ஸ்டெல்லா: ஆள் சேர்த்தா காசுங்குறது குத்தம் அத்தான். 1978லயே தடைச் சட்டம் வந்துருச்சு, 2021 நேரடி விற்பனை விதியிலயும் இருக்கு. நம்மளுது பொருள் வித்தா மட்டும்தான்.

ஜான்சி: அத்தான் தேக்குல போட்ட காசே இன்னும் முளைக்கல 🌱

அமல் அத்தான்: 🙏

சவேரி சித்தப்பா: எங்க அண்ணன் வள்ளத்துல காய்ச்சல்ல படுத்தவனுக்கும் பங்கு உண்டு. ரோஸிக்குக் குடுங்க

ஃப்ளோரா: எங்க அப்பா கால் ஒடிஞ்சு கெடந்தப்ப வரலியே சித்தப்பா

சவேரி சித்தப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

ஜான்சி: 👀

ரோஸி: எனக்கு 786 வேணாம்க்கா. சும்மா வாங்குன மாதிரி ஆயிரும்

ஃப்ளோரா: ஏ, உனக்கு வேணாம்னு யாரு சொன்னா. நூத்துக்கு எழுபது வித்ததுக்கு, முப்பது சமமா. இதுதான் என் கணக்கு. ரோஸி மிக்சிக்குப் பேசுன போன் செலவு தனியா

ஸ்டெல்லா: வள்ளத்துக்குன்னு ஒரு பங்கு எடுப்பாங்கள்ல, அப்ப என் அக்கவுண்டுக்கு அந்த மாதிரி வள்ளப் பங்கு இல்லையா

ஜான்சி: இப்பத்தான் விஷயமே வெளிய வருது மதினி 😂

ஸ்டெல்லா: கேட்டேன், அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பேசிக்குவோம்

அமல் அத்தான்: மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும். நிவாரணம் யாருக்காச்சும் ஏறிருச்சா

ஜான்சி: எங்க வீட்டுக்கு வரல

ரோஸி: எங்களுக்கும்

சவேரி சித்தப்பா: நண்டு விலை ஒருத்தருக்கும் தெரியாதா