நெகட்டிவ் ஸ்பிளிட்டுக்குத் தமிழ்: ‘பின்முடுக்கல்’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஓட்டத்தில் சொல்லும் ‘நெகட்டிவ் ஸ்பிளிட்’டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டு, என் பங்குக்கு ‘பின்முடுக்கு’ என்று எழுதியிருந்தேன். ஏழெட்டுச் சொற்கள் வந்துவிட்டன. எல்லோருக்கும் நன்றி. அவற்றை எழுதி எடுத்துக்கொண்டு, ஞாயிறு காலை ரேஸ்கோர்ஸில் எங்கள் ஓட்டக்குழுவிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். குழுவில் பாதிப்பேர் பவுண்டரி, லேத் பட்டறை, பனியன் கம்பெனி என்று வேலைக்குப் போகிறவர்கள். சொல்லைக் கேட்டதும் எப்படி ஓட வேண்டும் என்று அவர்களுக்கு விளங்கிவிட வேண்டும். நான் வைத்திருக்கும் அளவுகோல் அவ்வளவுதான்.

இந்த இழைக்குப் புதியவர்களுக்காகப் பொருளை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பந்தயத்தின் மறுபாதியை முதல் பாதியைவிடக் குறைந்த நேரத்தில் ஓடி முடிப்பதுதான் நெகட்டிவ் ஸ்பிளிட். மறுபாதி நேரத்திலிருந்து முதல் பாதி நேரத்தைக் கழித்தால் விடை கழித்தல் குறியோடு வரும். ஆங்கிலப் பெயரில் இருப்பது அந்தக் குறிதான். 2018 பெர்லின் மாரத்தானில் கென்ய வீரர் எலியுட் கிப்சோகே முதல் பாதியை 61 நிமிடம் 6 விநாடியிலும், மறுபாதியை 60 நிமிடம் 33 விநாடியிலும் ஓடினார். மொத்தம் 2:01:39, அன்றைக்கு உலக சாதனை.

> ‘எதிர்மறைப் பிளவு’ என்றே வைக்கலாமே. மூலத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

நெருக்கம் சரிங்க, ஆனால் ஓடுகிறவருக்கு அது உதவவில்லை. இதைச் சொன்னதும் எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி கேட்டது: “அப்படி ஓடுனா தப்புங்களாண்ணா?” எதிர்மறை என்றால் நம் காதில் கெட்டது என்றுதான் விழுகிறது. பிளவு என்றால் சுவரில் விட்ட விரிசல். இரண்டும் சேர்ந்தால் ஏதோ விபத்து நடந்ததுபோல ஒலிக்கிறது.

> அப்படியானால் ‘வெற்றியோட்டம்’, ‘நிறைவோட்டம்’?

இவை எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகின்றன. அதே கிப்சோகே 2022இல் அதே பெர்லினில் முதல் பாதியை 59:51க்கும் மறுபாதியை 61:18க்கும் ஓடினார். மறுபாதி மெதுவாகத்தான் போனது, ஆனாலும் 2:01:09 என்று தன் சாதனையை 30 விநாடி குறைத்தார். அடுத்த வருடம் சிகாகோவில் இன்னொரு கென்ய வீரர் கெல்வின் கிப்டும் 60:48, 59:47 என்று ஓடி அதை 2:00:35 ஆக்கினார். சாதனை இரண்டு வழியிலும் வந்திருக்கிறது. ஆகவே கலைச்சொல் எப்படி ஓடினார் என்பதை மட்டும் சொல்லட்டும், பாராட்டைச் சேர்க்க வேண்டாம்.

நான் ஏன் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். மூன்று வருடத்துக்கு முன் என் முதல் அரை மாரத்தான், 21.1 கிலோமீட்டர். மேளம், மைக், விடியற்காலைக் குளிர், உடம்பெல்லாம் தெம்பு. முதல் பாதி 62 நிமிடம். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடத்துக்கும் குறைவாகப் போய்க்கொண்டிருந்தேன். வேகம் கூடக் கூட உடம்பு கொழுப்பைக் குறைவாகவும், தசையில் சேமித்த சர்க்கரையான கிளைகோஜனை அதிகமாகவும் எரிக்கும் என்பது அன்று எனக்குத் தெரியாது. 16ஆவது கிலோமீட்டரில் வெயிலும் ஏறிவிட்டது. மறுபாதி 75 நிமிடம் ஆனது. அந்தக் கடைசி ஐந்து கிலோமீட்டரில் என்னைத் தாண்டிப் போனவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இனி ஓடவே வேண்டாம் என்றிருந்தது.

அடுத்த வருடம் 66, 64. மொத்தத்தில் ஏழு நிமிடம் குறைந்தது. ஆனால் என்னைத் திரும்ப ஓட வைத்தது அந்த ஏழு நிமிடம் இல்லை. கடைசியில் நான் ஆட்களைத் தாண்டிக்கொண்டு போனேன், அதுதான். புதிதாக ஓட வருகிறவருக்கு ஊக்கம் கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அந்த இரண்டாவது ஓட்டத்துக்கு யோசனை கொடுத்தவர் எங்கள் பம்பு பட்டறை மேஸ்திரி. அவர் ஓடுகிறவர் இல்லை. நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, “நட்டை எல்லாம் மொதல்ல கையில ஏத்தி உட்டுரு கண்ணு, கடைசீல ஸ்பேனர் போட்டு முடுக்கு. மொதல்லயே ஒண்ண முடுக்குனா பேக்கிங் கோணிக்கும்” என்றார். குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்ச் தட்டைப் பூட்டியவர்களுக்கு இது தெரியும். ஒரு நட்டை மட்டும் முழுக்க இறுக்கிவிட்டால் தட்டுகளுக்கு நடுவில் இருக்கும் பேக்கிங் கோணி, மற்ற பக்கம் தண்ணீர் கசியும். நட்டை முடுக்குவது, மாட்டை முடுக்குவது, ஆளை முடுக்கிவிடுவது எல்லாம் ஒரே வினை. அதனால்தான் ‘பின்முடுக்கு’ என்று எழுதினேன். பட்டறை ஆட்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

> ‘பின்’ என்றால் பின்புறமாக ஓடுவது என்று நினைத்துவிட மாட்டார்களா?

‘பின்னோட்டம்’ என்று வைத்தால் அந்தக் குழப்பம் வரும். ஆனால் முன்னிரவு பின்னிரவு, முன்பனி பின்பனி என்று காலத்தின் இரு பாதிகளை நாம் முன்பே இப்படித்தான் பிரித்திருக்கிறோம். முதல் பாதியில் வேகமாகப் போய்ப் பிறகு தளர்வதற்கு ‘முன்முடுக்கு’ என்று இணைச்சொல்லும் தானாகக் கிடைக்கிறது. இரு பாதியும் ஒரே நேரம் என்றால் ‘சீரோட்டம்’. அதில் யாருக்கும் தடை இல்லை.

> முடுக்கம் இயற்பியலில் வேறு. விநாடிக்கு விநாடி திசைவேகம் மாறும் வீதம் அது. இங்கே இரு பாதிகளின் நேரத்தை மட்டும் ஒப்பிடுகிறோம்.

> எங்கள் நெல்லைப் பக்கம் முடுக்கு என்றால் சந்து. பின்முடுக்கு என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்துதான் நினைவுக்கு வரும்.

இந்த இரண்டும் வலுவான மறுப்புகள். ஆசிரியர் ஐயாவும் நெல்லை அக்காவும் எழுதியதை இரண்டு நாள் யோசித்தேன். பெயர்ச்சொல்லை ‘பின்முடுக்கல்’ என்று மாற்றினால் முடுக்கத்தோடும் மோதாது, சந்துக்குள்ளும் போகாது. வினையாக வரும்போது ‘பின்முடுக்கி ஓடினாள்’, ‘இன்று பின்முடுக்கப் போகிறேன்’ என்று இயல்பாகவே நிற்கிறது.

இன்னொன்று. ஓட்டத்துக்கு முன் எங்கள் குழுவில் ஒவ்வொருவரும் மூன்று இலக்கு எழுதுவோம். எல்லாம் கூடி வந்தால் எட்டுவது, பயிற்சிக் கணக்குப்படி எட்ட வேண்டியது, கால் பிசகினாலும் முடித்துவிடுவது. இவற்றுக்குக் ‘கனவிலக்கு’, ‘கணக்கிலக்கு’, ‘கரையிலக்கு’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். இதற்குத் தனி இழை போடலாம். இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், பின்முடுக்க நினைக்கிறவர் முதல் பாதியைக் கணக்கிலக்கின் நேரத்துக்கே ஓட வேண்டும். அரை மாரத்தான் என்றால் கனவிலக்கை 15ஆவது கிலோமீட்டருக்கு அப்புறம்தான் கையில் எடுக்க வேண்டும்.

சனிக்கிழமை எங்கள் பயிற்சி அட்டை அச்சுக்குப் போகிறது. முதல் பாதி, மறுபாதி என்று இரண்டு கட்டம், கீழே ‘பின்முடுக்கல்: __ நிமிடம்’ என்று ஒரு வரி. புணர்ச்சியிலோ வினைமுற்றிலோ இலக்கணப் பிழை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள்.