லேசர் செய்த வேலையை வினையூக்கி செய்ததாக நம்பினேன்

ராமன் நிறமாலையில், அதாவது லேசர் பட்டுச் சிதறும் ஒளியில் எழும் பீக்குகளை (முகடுகளை) வைத்து மூலக்கூறை அடையாளம் காணும் முறையில், ஏமாந்த கதை இருந்தால் சொல்லச் சொன்னீர்கள், இது என்னுடையது.

சிங்கப்பூருக்கு ஆராய்ச்சிக்கு வந்த முதல் வருடம். சொரசொரப்பான வெள்ளிச் சிப்பை, ஒரு முனையில் கந்தகமும் மறுமுனையில் நைட்ரோவும் உள்ள நைட்ரோதயோஃபீனால் கரைத்த எத்தனாலில் இரவு முழுக்க ஊறப் போட்டால், கந்தக முனை வெள்ளியைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு அடுக்காக மூலக்கூறுகள் நிற்கும். ஒரு நானோமீட்டர்கூட வராத தடிமன், சாதாரணமாக ராமனில் கண்ணுக்கே சிக்காது. ஆனால் வெள்ளியின் நுண்ணிய இடுக்குகளில் ஒளியின் புலம் பல மடங்கு பெருகுவதால் பீக்குகள் பளிச்சென்று எழும். அதன்மேல் ஒடுக்கியான சோடியம் போரோஹைட்ரைடு விட்டு, நைட்ரோ அமீனாக மாறுவதை நிமிடத்துக்கு நிமிடம் பார்ப்பதுதான் என் வேலை.

பார்த்தேன். 1335 செ.மீ⁻¹-ல் இருந்த நைட்ரோ பீக் சரிந்தது, 1140, 1390, 1440 என்று புதிதாக மூன்று முளைத்தன. வெள்ளி வினையூக்கியாக வேலை செய்கிறது என்று நம்பி, வேகத்தையெல்லாம் கணக்கிட்டு, குழுக் கூட்டத்தில் காட்டியும் விட்டேன். மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த ஒரு அக்கா ஒன்றுதான் கேட்டார்: “போரோஹைட்ரைடு இல்லாம வெறும் லேசர் மட்டும் வச்சுப் பார்த்தியா தம்பி?”

பார்க்கவில்லை. அன்று ராத்திரியே புதுச் சிப், வெறும் தண்ணீர், அதே 532 நானோமீட்டர் பச்சை லேசர். சில நிமிடங்களில் அதே மூன்று பீக்குகளும் வந்து நின்றன. லேசர் பட்ட வெள்ளியே அருகருகே இருந்த இரண்டு நைட்ரோ மூலக்கூறுகளை நைட்ரஜனோடு நைட்ரஜனாக இணைத்து அசோ சேர்மமாக்கிவிட்டது. நான் வேகம் கணக்கிட்டது அமீனுக்கே அல்ல. நான்கு வாரத் தரவு போனது. கிளமெண்டி உணவங்காடியில் கோப்பியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவு வலித்தது.

• • •

அண்ணா, எனக்கு இதே பீக்குகள், நைட்ரோவுக்குப் பதில் அமீன் உள்ள அமினோதயோஃபீனாலில் வந்தன. பழைய கட்டுரைகளில் அவற்றை உலோகத்துக்கும் மூலக்கூறுக்கும் இடையே நடக்கும் மின்னூட்டப் பரிமாற்றம் என்றுதான் விளக்கியிருந்தார்கள், நானும் அப்படியே எழுதிவிட்டேன். 2010-ல் சீனாவின் ஷியாமென் பல்கலைக்கழகக் குழு, அவை அளக்கும்போதே உருவாகும் அசோ சேர்மத்தின் பீக்குகள் என்று காட்டிய கட்டுரையை அப்புறம்தான் படித்தேன். ஆய்வேட்டில் ஒரு அத்தியாயத்தையே திருத்த வேண்டியதாயிற்று. இப்போது நீங்கள் எப்படி அளக்கிறீர்கள்?

• • •

785 நானோமீட்டர் லேசருக்கு மாறிவிட்டேன் தம்பி. பவரை இயன்ற மட்டும் குறைத்து, ஒவ்வொரு அளவுக்கும் லேசர் படாத புது இடத்துக்கு நகர்ந்துவிடுவேன், ஒரே புள்ளியில் உட்காருவதே இல்லை. காலையில் கருவி சரியாக இருக்கிறதா என்று சிலிக்கானின் 520 பீக்கை வைத்துச் சரிபார்த்ததும் முதல் ஓட்டம் எப்போதும் போரோஹைட்ரைடு விடாத சிப்தான். அதில் 1440 தலைகாட்டினால் பவரை இன்னும் இறக்கிவிட்டுத்தான் போரோஹைட்ரைடு பாட்டிலைத் திறப்பேன்.