பள்ளி மானியம் வராதபோது பள்ளி மேலாண்மைக் குழு என்ன செய்ய முடியும்?

கேள்வி: கெடிலக்கரை

அனைவருக்கும் வணக்கம். கடலூருக்கு அருகில் உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் என் பிள்ளைகள் இருவர் படிக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுவை மறுகட்டமைப்புச் செய்தபோது பெற்றோர் உறுப்பினர்களில் ஒருத்தியாக என்னையும் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை பள்ளிக்கூடத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, யார் கணக்கில் வருகிறது என்பதையெல்லாம் நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

அண்மையில் நடந்த கூட்டத்தில் தலைமையாசிரியை சென்ற கல்வியாண்டின் வரவு செலவுப் பதிவேட்டை எங்கள் முன் விரித்து வைத்தார். 94 பிள்ளைகள் படிக்கும் எங்கள் பள்ளிக்கு விதிப்படி ஆண்டுக்கு 25,000 ரூபாய் மானியம் வந்திருக்க வேண்டும். வரவுப் பக்கத்தில் அதில் பாதிகூட இல்லை. செலவுப் பக்கமோ நிறைந்திருந்தது. கழிப்பறைக் குழாய் மாற்றியது, பினாயில் வாங்கியது, தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டியது, ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை வெள்ளத்தில் ஊறிப்போன பதிவேடுகளுக்குப் பதிலாகப் புதியவை வாங்கியது என்று வரி வரியாக எழுதியிருந்தார்கள். அவற்றுள் ஏழெட்டு வரிகளுக்கு எதிரே பென்சிலால் ‘த.ஆ.’ என்று குறித்திருந்தது. அதற்கு என்ன பொருள் என்று நான் கேட்டதும் தலைமையாசிரியை பதில் சொல்லாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பக்கத்தில் இருந்த உதவி ஆசிரியைதான், அவையெல்லாம் தலைமையாசிரியையின் கைக்காசு என்று மெதுவாகச் சொன்னார்.

அன்றிலிருந்து மனம் ஆறவில்லை. தொலைக்காட்சி விவாதங்களில் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். உண்மையில் பணம் எந்த இடத்தில் நின்றது, ஏன் நின்றது? பணம் கொடுப்பவர் கையில்தான் பாடத்திட்டமும் மொழியும் இருக்க வேண்டும் என்பது சட்டமா, வழக்கமா? எங்களைப் போன்ற ஒரு குழு இதில் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பலாத்தோப்பு

அம்மா, வணக்கம். பண்ருட்டிப் பக்கம் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ‘த.ஆ.’ என்ற அந்த இரண்டு எழுத்துகளைப் படித்ததும் என் பழைய பதிவேடுகள் கண்முன் வந்தன. தலைமையாசிரியர்கள் கைக்காசு போடுவது புதிதன்று. ஆனால் மானியம் தாமதமாகும்போது முன்பணமாகப் போட்டுப் பின்னர் எடுத்துக்கொள்வது வேறு, திரும்பி வராது என்று தெரிந்தே போடுவது வேறு.

நீங்கள் கேட்டதை வரிசையாகச் சொல்கிறேன். முன்பு தனித்தனியாக இருந்த அனைவருக்கும் கல்வித் திட்டம், இடைநிலைக் கல்வித் திட்டம், ஆசிரியர் கல்வி ஆகியவற்றை 2018இல் ஒன்றாக இணைத்துத்தான் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி, அதாவது சமக்ர சிக்ஷா, உருவாக்கப்பட்டது. உங்கள் பள்ளி மானியம் இதன் வழியாகத்தான் வருகிறது. இதன் செலவில் நூற்றுக்கு 60 பங்கு ஒன்றிய அரசும் 40 பங்கு மாநில அரசும் தர வேண்டும். 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட தொகை ஏறக்குறைய 3,586 கோடி ரூபாய். அதில் ஒன்றிய அரசின் பங்கு சுமார் 2,152 கோடி. அந்த ஆண்டில் இந்தப் பங்குதான் வரவில்லை. திட்டத்தில் குறை கண்டதாலோ கணக்கு ஒப்படைக்காததாலோ நிறுத்தவில்லை. தேர்ந்தெடுத்த பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக மேம்படுத்த 2022இல் அறிவிக்கப்பட்ட பிஎம் ஸ்ரீ என்னும் வேறொரு திட்டத்தின் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதே காரணம். அந்த ஒப்பந்தம் தேசியக் கல்விக் கொள்கை 2020ஐ முழுமையாக நடைமுறைப்படுத்தக் கோருகிறது. மும்மொழி ஏற்பாடு உள்ளிட்ட பகுதிகளைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. ஒரு திட்டத்தில் சேராததற்காக இன்னொரு திட்டத்தின் பணத்தைப் பிடித்துவைப்பது எந்த நியாயத்தில் சேரும் என்பதுதான் என் கேள்வியும். 2025 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு, அரசமைப்புச் சட்டத்தின் 131ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, அதுவரையான வட்டியையும் சேர்த்து 2,291 கோடி ரூபாயும், அதன் பிறகு அசல் தொகைக்கு 6 சதவீத வட்டியும் கேட்டது.

பணம் கொடுப்பவரே எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டமில்லை. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் வரையில் கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் பொதுப்பட்டியலுக்குப் போனது. பொதுப்பட்டியல் என்றால் இருவருக்கும் உரிமை உண்டு என்பதே பொருள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும், செலவைச் சுமப்பது இரு அரசுகளுக்கும் பொதுவான பொறுப்பு என்று 7ஆம் பிரிவில் சொல்கிறது. எனவே அந்த 60 பங்கைப் பரிசு என்றோ சலுகை என்றோ நினைக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 2004இல் 2 சதவீதமாகத் தொடங்கிய கல்வி செஸ் 2018 முதல் நலவாழ்வையும் சேர்த்து 4 சதவீதமாக வருமான வரியின்மேல் வசூலிக்கப்படுகிறது. செஸ் என்பதால் மாநிலங்களோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டிய வரித் தொகுப்பில் அது சேராது. பண்ருட்டி முந்திரி வியாபாரியிடமும் நெய்வேலித் தொழிலாளியிடமும் கல்வியின் பெயரால் வாங்கிய பணம்தான் டெல்லியிலிருந்து திட்டமாகத் திரும்பி வருகிறது. அதை ‘அவர்கள் பணம்’ என்று நாமே சொல்வதை முதலில் நிறுத்த வேண்டும்.

மறுமொழி: சக்கர நாற்காலி

நான் ஒரு வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநராகப் பணிபுரிகிறேன். பெரியவர் சொன்ன கோடிக்கணக்கு, நான் வேலை செய்யும் இடத்தில் எப்படி வந்து இறங்கியது என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

பள்ளிக்கு வர இயலாத மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு வீட்டுக்கே சென்று கற்பிப்பதும், இயன்முறை மருத்துவர் வந்து பயிற்சி அளிப்பதும் இந்தத் திட்டத்தின் பணத்தில்தான் நடக்கின்றன. எங்களைப் போன்றோர் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஊதியம் தள்ளித் தள்ளி வந்தபோது, பெட்ரோலுக்குக் கடன் வாங்கித்தான் ஊர்களுக்குப் போனோம். பின்னர் மாநில அரசு தன் நிதியிலிருந்து ஊதியத்தைக் கொடுத்தது. அதற்கு நன்றியோடு இருக்கிறோம். ஆனால் ஊதியத்தைக் கொடுத்துவிட்டால் மற்றவை தாமாக நடந்துவிடுவதில்லை.

மூளை முடக்குவாதம் உள்ள ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒருத்தி கடற்கரைக் குப்பம் ஒன்றில் இருக்கிறாள். வாரம் ஒருமுறை சென்று, அவள் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கட்டைப் பென்சிலைப் பிடிக்கவைத்து, ‘ட’ எழுதப் பழக்கிக்கொண்டிருந்தோம். மற்ற எழுத்துகளைவிட ‘ட’ அவளுக்கு எளிது, இரண்டே கோடுகள். பயிற்சி முகாம்கள் இடைவெளி விட்டு நடந்த சில மாதங்களுக்குப் பிறகு சென்றபோது விரல்கள் மறுபடியும் இறுகியிருந்தன. கட்டைப் பென்சில் அவள் பிடிக்குள் போகவே இல்லை. பள்ளிக் கட்டடம் ஓராண்டு வெள்ளையடிக்கப்படாமல் இருந்தால் அடுத்த ஆண்டு அடித்துக்கொள்ளலாம். இந்தக் குழந்தையின் கைக்கு அந்த வசதி இல்லை. வழக்கு எத்தனை ஆண்டுகள் நடந்தாலும், எத்தனை சதவீத வட்டியோடு தொகை வந்தாலும், அந்த மாதங்களை யாரும் அவளுக்குத் திருப்பித் தர முடியாது.

கெடிலக்கரை அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளி எல்லைக்குள் வீட்டிலிருந்தபடி படிக்கும் குழந்தைகள் எத்தனை பேர் என்று தலைமையாசிரியையிடம் கேளுங்கள். குழுக் கூட்டங்களில் குழாயும் மோட்டாரும் பேசப்படுகின்றன; இந்தக் குழந்தைகளின் பெயர்கள் வருகைப் பதிவேட்டில் இருந்தும் பேச்சில் வருவதில்லை.

மறுமொழி: முத்தியால்பேட்டை

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். பணத்தோடு கட்டுப்பாடும் சேர்ந்து வந்தால் எப்படி இருக்கும் என்பதை எங்கள் ஊரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

புதுச்சேரிக்கெனத் தனித் தேர்வு வாரியம் என்றும் இருந்ததில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாகே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றி வந்தன. அரசுப் பள்ளிகள் அனைத்தையும் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாற்றும் முடிவு வந்த பிறகு, 2025இல் எங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை அந்த வாரியத்தின்கீழ் எழுதினார்கள். இதை வரவேற்கும் பெற்றோர் இருக்கிறார்கள். தனியார் பள்ளியில் பணம் கட்டிப் பெறும் கல்வி அரசுப் பள்ளியிலேயே கிடைக்கிறது என்று சொல்கிறார்கள். அவர்கள் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். என் வருத்தம் முடிவு எடுக்கப்பட்ட விதத்தைப் பற்றியது. எட்டாம் வகுப்பு வரை தமிழில் ‘ஒளிச்சேர்க்கை’ என்று படித்த என் அண்ணன் மகன், ஆங்கிலப் பாடநூலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லின்மேலும் பென்சிலால் தமிழ்ச் சொல்லை எழுதிவைத்துப் படித்தான். இந்த மாற்றத்துக்கு எத்தனை ஆண்டு அவகாசம் வேண்டும் என்று அவன் பெற்றோரையோ ஆசிரியரையோ யாரும் கேட்கவில்லை.

கேட்பதற்கு இடமே இல்லை என்பதுதான் உண்மை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். அதற்கு முன்பு நடந்தது 1968இல். 2011இல் பதவிக்காலம் முடிந்த பிறகு நகராட்சிகளையும் கொம்யூன் பஞ்சாயத்துகளையும் அதிகாரிகளே நடத்தி வருகிறார்கள். எங்கள் தெருப் பள்ளியில் ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் முறையிட ஒரு கவுன்சிலர்கூட இல்லை. ஒன்றியப் பிரதேசம் என்பதால், மாநிலங்களுக்கு வரிப் பங்கை வகுக்கும் நிதிக்குழுவின் வரம்புக்குள்ளும் நாங்கள் வருவதில்லை. பாடத்திட்டத்தைப் பற்றிப் பேச விரும்பும் ஒரு தகப்பன் எந்தக் கதவைத் தட்டுவது என்பதற்கு எங்களிடம் பதில் கிடையாது.

மறுமொழி: சுரங்கச்சாலை

மேலே எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு வேறு கருத்து உண்டு. டெல்லி பணத்தைப் பிடித்துவைத்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதிகாரக் குவிப்பு டெல்லியில் மட்டும் நடப்பதாகப் பேசுவது பாதி உண்மை. பள்ளிப் பெயர்ப்பலகையில் இன்னும் ‘ஊராட்சி ஒன்றிய’ என்று எழுதியிருக்கிறது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981இல் அரசு ஊழியர்களானார்கள். அவர்களுடைய பணிப் பாதுகாப்புக்கு அது தேவையாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் ஆசிரியர் நியமனம், இடமாறுதல், பாடவேளை என எதிலும் ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு சொல்கூடக் கிடையாது. பெயர் மட்டும் நம்முடையது.

மானியமும் அப்படித்தான். 2021 முதல் பள்ளியின் வங்கிக் கணக்கு பூஜ்ய இருப்புக் கணக்கு. பணம் மாநில அளவில் ஒரே கணக்கில் இருக்கும். பள்ளிக்குச் செலவு வரம்பு மட்டும் காட்டப்படும். மார்ச் 31க்குள் செலவு செய்யாவிட்டால் வரம்பு மறைந்துவிடும். பிப்ரவரியில் வரம்பைத் திறந்துவிட்டு மார்ச்சுக்குள் முடிக்கச் சொன்னால், தலைமையாசிரியர் தேவையானதை வாங்குவாரா, கடையில் உடனே கிடைப்பதை வாங்குவாரா? மாநில அரசு தன் 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. அதில் பெரும்பகுதி ஊதியத்துக்குப் போகும் என்பது தெரிந்ததே. இருந்தாலும், பள்ளி மேலாண்மைக் குழு தன் விருப்பப்படி செலவிட ஒரு சிறு தொகையையாவது ஏப்ரல் மாதத்திலேயே தர மாநிலத்தால் முடியாதா? டெல்லியிடம் நாம் கேட்கும் உரிமையை ஊருக்கும் கொடுத்துவிட்டுக் கேட்டால் நம் குரலுக்கு இன்னும் வலு இருக்கும்.

மறுமொழி: பலாத்தோப்பு

சுரங்கச்சாலை நண்பர் சொன்னதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். காமராசர் காலத்தில், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்க்காரர்கள் நிலமும் மேசை நாற்காலியும் கரும்பலகையும் கொடுத்தார்கள். அரசு தன் கடமையைக் கைவிட்டதால் அவர்கள் கொடுக்கவில்லை. அரசு ஆசிரியரை அனுப்பியது, மதிய உணவு போட்டது, அதோடு சேர்ந்து ஊர் கைகொடுத்தது. இன்றைக்கு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தின் வழியாக நன்கொடை வாங்கலாம் என்பார்கள், வாங்குங்கள், தவறில்லை. ஆனால் என் அனுபவத்தில் நிறுவனங்கள் வகுப்பறை கட்டித் தரும், திரை மாட்டித் தரும், திறப்பு விழாவுக்கு வரும். மாதாமாதம் பினாயில் வாங்கித் தர எந்த நிறுவனமும் முன்வந்து நான் பார்த்ததில்லை. பள்ளி உயிரோடு இருப்பது அந்த மாதாமாதச் செலவில்தான்.

கெடிலக்கரை அம்மா, கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி உங்கள் குழு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும். அரசு தரும் மானியத்துக்கு அதுதான் அடிப்படை என்று அந்தப் பிரிவே சொல்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் ஒரு தலைமையாசிரியர் இன்னொருவரிடம் வாங்கிப் படியெடுத்து அனுப்பிவிடுகிறார். நீங்கள் உட்கார்ந்து எழுதுங்கள். வந்த மானியம், வராத மானியம், ‘த.ஆ.’ போட்ட தொகை மூன்றையும் தனித்தனியாகக் காட்டி, தீர்மானமாக நிறைவேற்றி, பள்ளி மேலாண்மைக் குழுவுக்கான கைபேசிச் செயலியில் பதிவேற்றுங்கள். பென்சிலில் இருப்பதைப் பேனாவில் எழுதச் சொல்லுங்கள்.

மறுமொழி: கெடிலக்கரை

அனைவருக்கும் நன்றி. முத்தியால்பேட்டை நண்பர் உள்ளாட்சித் தேர்தல் பற்றி எழுதியதைப் படித்தபோது, நாங்களும் அதே நிலையில் இருக்கிறோம் என்பது உறைத்தது. கடலூர் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போய்விட்டன. இருந்தாலும் கிராம சபைக் கூட்டம் நடக்கிறது, அதில் நாங்கள் பேசலாம்.

நேற்று மாலை குழு உறுப்பினர்கள் ஒன்பது பேர் பள்ளித் தாழ்வாரத்தில் கூடினோம். வீட்டிலிருந்து படிக்கும் குழந்தைகளைப் பற்றி முதலில் கேட்டேன். இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒரு பையன் என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறான். அவன் எங்கள் பள்ளி மாணவன் என்பதே எனக்கு இதுவரை தெரியாது. அவன் அம்மாவை அடுத்த கூட்டத்துக்கு அழைத்துவரும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ‘த.ஆ.’ தொகையைக் கூட்டிப் பார்த்தோம், 11,340 ரூபாய். அதைத் தீர்மானத்தில் எழுதக் கூடாது, தனக்குச் சங்கடமாக இருக்கும் என்று தலைமையாசிரியை மறுத்தார். நீண்ட நேரம் பேசிய பிறகு, ‘பள்ளிக்கு வர வேண்டியிருந்து வராததால் வேறு வழியில் ஈடுகட்டப்பட்ட தொகை’ என்று எழுத ஒப்புக்கொண்டார். அடுத்த கிராம சபையில் அதை வாசிக்கப்போவது நான். பெரியவர் ‘பலாத்தோப்பு’ வரைவை ஒருமுறை பார்த்துத் திருத்தித் தர முடியுமா?