தோணாவுக்குள் பெக்கோ இறக்கலாமா?

கரைவாகு:
சலாம். எங்கள் ஊர்த் தோணா (கடலுக்கு வடியும் உவர்நீர் ஓடை) ஆற்றுவாழையால், அதுதான் ஆகாயத்தாமரையால், மூடிக் கிடக்கிறது, தண்ணீரே தெரியவில்லை, கிட்டப் போனால் நாற்றம். முன்பு நீர்க்கோழி குஞ்சுகளோடு திரியும் இடம் இது. பள்ளிவாசல் நிர்வாகத்தோடு பேசி, மாரி மழைக்கு முன்னம் ஊராகச் சேர்ந்து துப்புரவாக்கப் பார்க்கிறோம். ஒருவர் மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தைச் சும்மா தருகிறேன் என்கிறார். இரண்டு கரையையும் வழித்து, கண்ணாப் பற்றையையும் (அலையாத்தி) எடுத்துவிட்டால் பிறகு தொல்லையே இல்லையாம். செய்யலாமா? பிடுங்குவதை எங்கே போடுவது?

வாவிக்கரை:
தம்பி, கண்ணாவில் கை வைக்க வேண்டாம். இறால் குஞ்சும் மணலை மீன் குஞ்சும் அந்த வேருக்குள் ஒதுங்கித்தான் வளர்கின்றன, கரை மண்ணைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். வழித்துவிட்டால் முதல் வெள்ளத்திலேயே கரை இடிந்து தோணா தூர்ந்து போகும். தோணியில் போய், நீட்டுக் கம்பில் கொக்கி கட்டி ஆற்றுவாழையை இழுங்கள், பூக்க முன்னமே இழுங்கள், விதை விழுந்தால் சேற்றுக்குள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஏற்ற முன்னம் அந்தக் கறுத்த வேர்க்கற்றையைத் தண்ணீருக்குள்ளேயே உதறிப் பாருங்கள், நத்தை, கூனி இறால், நகத்தளவு மீன் குஞ்சு எல்லாம் பொலபொலவென்று விழும். அறுந்த துண்டு ஒவ்வொன்றும் திரும்ப முளைக்கும், அதனால் கீழ்ப்பக்கம் பழைய வலையைக் குறுக்கே கட்டுங்கள். கரையில் குவித்தால் மழை மறுபடி உள்ளே தள்ளும். தூரமாகக் கொண்டுபோய்க் காயவிட்டு, மாட்டெருவோடு சேர்த்து மக்க வையுங்கள்.

சம்மாந்துறை வயல்:
கடலோரம் மண் அடைத்த ஆற்றுவாயை வெட்டி உப்புத் தண்ணீரை உள்ளே விட்டால் ஆற்றுவாழை தானாகக் கருகிவிடாதா?

வாவிக்கரை:
கருகும்தான். ஆனால் அது நாம் மண்வெட்டி எடுத்துப்போய்ச் செய்கிற வேலையா? வயல்காரரும் மீனவரும் இருந்து பேசி, அதிகாரிகள் அனுமதியோடு வெட்ட வேண்டியது. நேரம் பிசகினால் உப்பு உங்கள் வயலுக்குத்தான் ஏறும்.

கல்லடிப் பிள்ளை:
நான் இப்போது இங்கிலாந்தின் தென்பக்கம் இருக்கிறேன். இங்கே சுண்ணப்பாறை ஓடைகள் உண்டு, மழைநீர் பாறைக்குள் இறங்கி வடிந்து ஊற்றாக வெளிவருவதால் தண்ணீர் அவ்வளவு தெளிவு. உலகில் இந்த வகை ஓடைகளில் பெரும்பாலானவை இந்த நாட்டில்தான் இருக்கின்றன. ஊர்ச் சனங்களே மாதம் ஒருமுறை இறங்கி, 3 நிமிடம் காலால் அடியைக் கிளறி, வலையில் விழும் பூச்சிக் குஞ்சுகளை எண்ணி எழுதுகிறார்கள். எண்ணிக்கை திடீரென்று குறைந்தால் மேலே எங்கோ அழுக்கு கலந்திருக்கிறது என்று அதிகாரிகளுக்கு அறிவிப்பார்கள். சேறும் உவரும் கலந்த நம் தோணாவில் அந்தப் பூச்சிகளைத் தேட முடியாது, ஆனால் மாதாமாதம் ஒரே இடத்தில் நின்று தண்ணீரின் நிறம், நாற்றம், கண்ட பறவை, மீன் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதலாமே. ஆற்றுவாழைக்குத் தீனி போடுவது வீட்டுக் கழிவுத் தண்ணீரும் வயல் உரமும். தோதான தண்ணீர் கிடைத்தால் இரண்டு கிழமைக்குள் இரட்டிப்பாகிவிடும். கழிவுக் குழாய்களை அடைக்காமல் எவ்வளவு பிடுங்கினாலும் அடுத்த வருடம் இதே வேலைதான்.

கரைவாகு:
சரி, பெக்கோ வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எந்தெந்தக் குழாய் தோணாவுக்குள் விழுகிறது என்று கரையோடு நடந்து பார்க்கப் போகிறோம், அந்த வீட்டுக்காரரிடம் சண்டை போடாமல் பேச மூத்த ஆட்களும் வருகிறார்கள். வலையும் தோணியும் தரக்கூடியவர்கள் இங்கேயே எழுதுங்கள்.