முதல் மூன்று மாதம் சரியாகச் சாப்பிடவில்லை, கவலையும் அதிகம்: பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுமா?

கேள்வி – வெள்ளவத்தை

எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். முதல் மூன்று மாதமும் சத்தியால் தேத்தண்ணீரும் கிறாக்கர் பிஸ்கட்டும் தவிர எதுவும் வயிற்றில் தங்கவில்லை. கணவர் கட்டாரில் இருக்கிறார். அலுவலகத்தில் ஆட்குறைப்பு நடப்பதால் எனக்கு நித்திரையும் குறைவு. தாய் கவலைப்பட்டால் பிள்ளை மந்தமாகப் பிறக்கும் என்று மாமி சொன்ன நாளிலிருந்து, கவலைப்படுகிறேனே என்பதே பெருங்கவலையாகிவிட்டது. பிள்ளைக்கு ஏதும் ஆகியிருக்குமா?

மறுமொழி – ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், கொட்டாஞ்சேனை

மகள், பன்னிரண்டாம் வாரத்தில் பிள்ளை ஏறக்குறைய 5 அல்லது 6 சென்ரிமீற்றர் நீளந்தான். அதற்கு வேண்டியதைப் பெரும்பாலும் உங்கள் உடலிலுள்ள சேமிப்பே கொடுத்திருக்கும். அந்தக் காலத்தில் முக்கியமானது போலிக் அமிலம், ஏனெனில் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது.

நான் கேட்க விரும்புவது வேறு: கிளினிக்கில் தந்த இரும்புச்சத்துக் குளிசையை எதனுடன் குடிக்கிறீர்கள்? மூளை நரம்புகளைச் சுற்றி உறை வளர்வதற்கு இரும்பு தேவை. தேத்தண்ணீரோ, கல்சியம் குளிசையோ கூடச் சென்றால் அது உடலில் சரியாகச் சேராது. நான் போன எத்தனையோ வீடுகளில் குளிசை அட்டை தேத்தண்ணீர்க் கோப்பைக்குப் பக்கத்திலேயே கிடக்கும். கிளினிக்கில் தரும் திரிபோஷா என்ற சத்துமாவும் அப்படித்தான், தாய்க்கென்று கொடுத்ததை வீடு முழுவதும் பகிர்ந்து உண்ணும். நெத்தலி, முருங்கைக்கீரை, பயறு, முட்டை ஆகியவற்றை இனியாவது உங்களுக்கென்று எடுத்து வையுங்கள்.

மறுமொழி – உயிர்வேதியியல் கற்பிப்பவர், தெகிவளை

மன அழுத்தத்தில் சுரக்கும் கோட்டிசோல் ஹோர்மோனின் பெரும்பகுதியைச் சூல்வித்தகத்திலுள்ள (நஞ்சுக்கொடியிலுள்ள) ஒரு நொதியம் செயலிழக்கச் செய்துவிடுகிறது. ஆகவே அன்றாடக் கவலை அப்படியே பிள்ளையைச் சென்றடைவதில்லை. நெடுநாள் நீடிக்கும் கடும் அழுத்தமும் பட்டினியும் வேறு விடயம்: 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஏற்பட்ட பஞ்சத்தின்போது கருவிலிருந்தவர்களிடம் பல பத்தாண்டுகளுக்குப் பின்னரும் நோய்த் தாக்கங்கள் காணப்பட்டன. உங்களுடைய நிலை அதுவன்று. ஆனாலும் நித்திரையின்மை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். அதைத் தாயின் குற்றமாக்கும் பேச்சை நான் ஏற்கவே மாட்டேன். அந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள், யார் துணைக்கு இருக்கிறார்கள் என்பதையல்லவா முதலில் கேட்க வேண்டும்?

கேட்டவர் – வெள்ளவத்தை

அம்மா, இவ்வளவு நாளும் குளிசையைக் காலைத் தேத்தண்ணீருடன்தான் விழுங்கினேன், ஹீமோகுளோபினும் 10.1 என்று குறைவாகவே அட்டையில் எழுதியிருக்கிறது. இன்றிரவிலிருந்து தேசிக்காய்த் தண்ணீருடன் குடிக்கிறேன். மாமிக்கும் இதை வாசித்துக் காட்டினேன். நாளை கிளினிக்குக்குத் தானும் வருவதாகச் சொல்கிறார்.