பாலிஷிங் மிஷின் வாங்கலாமா? நாளைக்கு ஆஃபர் முடியுது, சீக்கிரம் சொல்லுங்க

பீளமேடு ராக்கெட் (வெள்ளி, இரவு 10.52)
வணக்கமுங்க. கார் பூரா வட்ட வட்டமா மெல்லிசு கீறல். வெயில்ல நிறுத்துனா சிலந்தி வலையாட்டம் தெரியுது. பட்டறைல ரப்பிங் பாலிஷுக்கு 5000 கேக்கறாங்க. ஆன்லைன்ல பாலிஷரே 4200க்கு ஓடுது. ஒருக்கா வாங்கிட்டா வருசா வருசம் நாமளே பண்ணிக்கலாமல்லங்க? வாங்கலாமா வேண்டாமான்னு ஒரு வரில சொல்லுங்க.

சிந்து_கே (இரவு 11.10)
ஒரு வரில சொல்ல முடியாது. என்ன கார், என்ன கலர், எத்தன வருஷம்? எங்கயாவது ரீபெயிண்ட் ஆயிருக்கா? அந்த மிஷின் ரோட்டரியா (ஒரே அச்சுல சுத்தறது), டிஏவா (டூயல் ஆக்‌ஷன், சுத்திக்கிட்டே தள்ளாடறது)? வீட்ல நிழலா இடமும் ப்ளக் பாயிண்ட்டும் இருக்கா?

போர்த்தண்ணி (இரவு 11.24)
எனக்கென்னவோ இது கீறலே இல்லன்னு தோணுது. போர் தண்ணில கழுவி வெயில்ல காய விட்டா உப்புக்கறை இப்படித்தான் வட்டம் வட்டமா நிக்கும். வெள்ளை வினிகர்ல சரிபாதி தண்ணி கலந்து துடைச்சுப் பாருங்க. செலவு 40 ரூபா. மிஷினே வேண்டாம்.

பழைய பத்மினி (இரவு 11.41)
தேடிப் பாத்துட்டு கேக்கற பழக்கமே போயிருச்சு. இதே கேள்விக்கு இங்க எத்தனையோ தடவ பதில் எழுதியாச்சு. தம்பி, ரப்பிங்ங்கறது கைப்பழக்கம். ரோட்டரியும் கம்பளி பேடும் புடிக்கத் தெரிஞ்சவன் அரை நாள்ல முடிச்சுருவான். தெரியாதவன் எத வாங்குனாலும் காசுதான் கரையும். டிஏங்கறது வீடியோ பாத்து வளர்ந்த பசங்க சாமான்.

பீளமேடு ராக்கெட் (சனி, காலை 7.15)
ஐ20ங்க, கருப்பு, 4 வருசம். மிஷின் ரோட்டரியா என்னன்னு தெரியல. 600 டு 3000 ஆர்பிஎம், 180 மிமீ பேட்னு போட்டிருக்கு. வாங்கிரட்டுமா?

சிந்து_கே (காலை 7.32)
அப்ப அது ரோட்டரி. டிஏன்னா 8 மிமீ, 15 மிமீன்னு ஆர்பிட் அளவு (பேட் தள்ளாடற தூரம்) போட்டிருப்பாங்க. ரோட்டரி ஒரே அச்சுல சுத்தும், கொஞ்ச நேரம் ஒரே இடத்துல நின்னா அங்க சூடு ஏறிடும். டோர் விளிம்பு, பானெட் மடிப்பு மாதிரி இடத்துல பெயிண்ட் மெல்லிசு, கிளியர் கோட் (மேல இருக்கற நிறமில்லாத பூச்சு) கழண்டு பேஸ் கோட் (அடில இருக்கற கலர்) வந்துரும். டிஏ சுத்திக்கிட்டே தள்ளாடும், அழுத்தினா சுத்தறதே நின்னுரும். கருப்புக் காருக்கு, முதல் தடவைக்கு, ரோட்டரி வேண்டவே வேண்டாம். வேலை முடிஞ்சப்புறம் வெயில்ல ஹோலோகிராம் மாதிரி பட்டை பட்டையா தெரியும், அதை எடுக்கவும் ஒரு டிஏதான் வேணும்.

பழைய பத்மினி (காலை 7.50)
டிஏல ஆழமான கீறல் போகாது. எழுதி வெச்சுக்கோங்க.

மைக்ரான் மாமா (காலை 8.05)
ரெண்டு பேருமே பெயிண்ட் கனத்தப் பேசலியே. கம்பெனி பெயிண்ட் மொத்தமா 100லேருந்து 140 மைக்ரான்தான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒண்ணு). அதுல கிளியர் கோட் 40, 50 இருந்தா அதிகம். ஒவ்வொரு ரப்பிங்கும் அதுல கொஞ்சம் திங்கும். "வருசா வருசம்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு பக்குன்னுச்சு. பெயிண்ட் கனம் பாக்கற கேஜ் வெச்சு ஒவ்வொரு பேனலா அளக்காம மிஷினத் தொடாதீங்க.

சிந்து_கே (காலை 8.18)
மாமா, நம்ம பட்ஜெட் கேஜ் மொத்த கனத்தத்தானே காட்டும், கிளியர் கோட் மட்டும் எவ்வளவுன்னு எப்படித் தெரியும்? ப்ளாஸ்டிக் பம்பர்ல ரீடிங்கே வராது. ரீபெயிண்ட் கண்டுபிடிக்க உதவும், அவ்வளவுதான்.

மைக்ரான் மாமா (காலை 8.20)
ஒண்ணுமே தெரியாம தேய்க்கறதுக்கு அது மேல்.

பட்டறை செல்வம் (காலை 9.02)
நான் இந்தத் தொழில்ல இருக்கறவன், திருப்பூர். 4 இஞ்ச் கிரைண்டர்ல பேட் மாட்டி பாலிஷ் போடறவங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு அதப் பண்ணிராதீங்க. அது 11000 ஆர்பிஎம் ஓடும். ராக்கெட் சார், கீறல் மேல நகத்த ஓட்டுங்க. நகம் மாட்டுச்சுன்னா எந்த மிஷினாலயும் போகாது. மாட்டலன்னா கழுவற விதத்துல வந்த ஸ்விர்ல் (மெல்லிசு வட்டக் கீறல்). யார் கழுவறாங்க?

பீளமேடு ராக்கெட் (காலை 9.40)
நகம் மாட்டலைங்க. வாட்ச்மேன் அண்ணன் தினம் காலைல துடைப்பாருங்க, மாசம் 400. ஒரே பக்கெட், பழைய துணி. இடது பின் கதவு மட்டும் போன வருசம் டிங்கரிங் பண்ணி அடிச்சது. நிழலுக்கு பேஸ்மெண்ட் இருக்குது, ப்ளக் பாயிண்ட்டு லிஃப்ட் ரூம்ல.

சிந்து_கே (காலை 9.55)
இதை முதல்லயே சொல்லிருக்கலாமே! தூசி மேல பழைய துணி போட்டு தினம் இழுத்தா எந்தக் கருப்புக் காரும் இப்படித்தான் ஆகும். 15000 குடுத்து மிஷின் வாங்கி எடுத்தாலும், துடைக்கற விதம் மாறலன்னா சீக்கிரமே பழைய கதைதான். முதல்ல அண்ணன்கிட்ட துடைக்கவே வேண்டாம்னு சொல்லுங்க. வாரம் ஒருக்கா ரெண்டு பக்கெட் (ஒண்ணு சோப்புக்கு, ஒண்ணு மிட்டை அலச), மைக்ரோஃபைபர் மிட் (கையுறை), நல்ல தண்ணில அலசுங்க.

போர்த்தண்ணி (காலை 10.10)
நல்ல தண்ணியா? கோயமுத்தூர்ல சிறுவாணித் தண்ணில கார் கழுவச் சொல்றீங்களா? எங்க வீதில குடிக்கவே ஒரு நாள் விட்டு ஒரு நாள்கூட வர்றதில்ல.

பழைய பத்மினி (காலை 10.14)
அணையே கேரளாவுல இருக்குது. அவங்க விடற தண்ணிய நீங்க பானெட்ல ஊத்துங்க.

சிந்து_கே (காலை 10.20)
நல்ல தண்ணின்னா குடிதண்ணின்னு அர்த்தம் இல்லீங்க. ஆர்ஓ ஃபில்டர் வெளியேத்துற தண்ணியத் தவிர எதுவா இருந்தாலும் சரி, காய விடாம உடனே ஒத்தி எடுத்தா போதும்.

போர்த்தண்ணி (காலை 10.26)
ஆர்ஓ கழிவுல கழுவற ஆளுங்க எங்க அபார்ட்மெண்ட்லயே இருக்காங்க. இருக்கற உப்பு பூரா அதுலதான். ஆனா மாசம் ரெண்டு வாட்டர் வாஷ் போடறவங்கள விட அவங்க தேவலாம்.

பட்டறை செல்வம் (காலை 10.40)
வாட்டர் வாஷ்காரங்களும் பொழைக்கணுமில்லீங்க.

(இதன் பிறகு வந்த 11 பதிவுகள் "கார் கழுவ எந்தத் தண்ணி" இழைக்கு மாற்றப்பட்டன. மட்டுறுத்துநர்)

பீளமேடு ராக்கெட் (மாலை 6.30)
அது சரிங்க, சாயங்காலமாச்சு. ஆர்டர் போடட்டுமா? கார் வாங்கினப்பவே செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல பாதுகாப்புப் பூச்சு) போட்டாங்க, 5 வருச வாரண்டி. அதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?

மைக்ரான் மாமா (மாலை 6.33)
கிழிஞ்சுது.

சிந்து_கே (மாலை 6.45)
ஆர்டர் போடாதீங்க. காம்பவுண்ட் (பாலிஷ் பேஸ்ட்) போட்டுத் தேய்ச்சா கோட்டிங்கும் சேந்து போகும், வாரண்டியும் போகும். முதல்ல வாரண்டி கார்டை எடுத்துப் படிங்க. வருஷாந்திர மெயிண்டனன்ஸ் விட்டுட்டீங்கன்னா வாரண்டி இப்பவே இல்லாம இருக்கலாம். இருந்தா கோட்டிங் போட்டவங்ககிட்டயே காட்டுங்க. இல்லன்னா யார்கிட்டயாவது டிஏ கடன் வாங்கி, ரீபெயிண்ட் ஆகாத ஒரு கதவுல ரெண்டடிக்கு ரெண்டடி மட்டும் பண்ணிப் பாருங்க. முதல்ல கழுவி, க்ளே பார் (பெயிண்ட்ல ஒட்டியிருக்கற அழுக்கை எடுக்கற களிமண் கட்டி) ஓட்டணும். கருப்பு ப்ளாஸ்டிக் பீடிங், விளிம்பு எல்லாத்துக்கும் மாஸ்கிங் டேப். ஃபோம் பேட்ல காம்பவுண்ட் பட்டாணி அளவு மூணு சொட்டு, ஸ்பீட் 1ல பரப்பி, 4க்கு ஏத்தி, மெதுவா குறுக்கும் நெடுக்கும் நாலஞ்சு தடவ. பேக்கிங் ப்ளேட் (பேட் ஒட்டற தட்டு) ஓரத்துல மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்கோங்க. கோடு சுத்தறது தெரியணும். நின்னுட்டா நீங்க அழுத்தறீங்கன்னு அர்த்தம். கடைசில ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) கலந்த தண்ணில துடைச்சுட்டு மொபைல் டார்ச் அடிச்சுப் பாருங்க. பாலிஷ்ல இருக்கற எண்ணெய் கீறலை மறைச்சு ஏமாத்தும். மிஷின் விலைய மட்டும் பாக்காதீங்க, பேடு, காம்பவுண்ட், துணின்னு கிட்டத்தட்ட இன்னொரு மிஷின் காசு ஆகும்.

பழைய பத்மினி (இரவு 7.02)
இதையெல்லாம் படிச்சு முடிக்கறதுக்குள்ள ரோட்டரில நான் ரெண்டு கார் முடிச்சிருப்பேன்.

பட்டறை செல்வம் (இரவு 7.10)
ரோட்டரி எங்க கைல இருந்தா சரிங்கண்ணா. அவரு கைல வேண்டாம். சிந்து மேடம் சொன்னதுதான் சரி.

பீளமேடு ராக்கெட் (அடுத்த மாதம் 9, இரவு 9.20)
மிஷின் வாங்கலைங்க. வாரண்டி ரெண்டாவது வருசமே காலாவதி. சகலைகிட்ட டிஏ இருந்துச்சு. வலது பின் கதவுல பண்ணிப் பாத்தேன், முக்காவாசி போயிருச்சு. மீதி தீபாவளி லீவுல. நன்றிங்க.

சிந்து_கே (இரவு 9.31)
சூப்பர்! எந்த பேட், எந்த காம்பவுண்ட்? ஐபிஏ துடைச்சுப் பாத்தீங்களா? வாட்ச்மேன் துடைக்கறதை நிறுத்தியாச்சா?

சிந்து_கே (மூணு நாள் கழிச்சு)
ராக்கெட்?

சிங்காநல்லூர் சின்னா (அடுத்த வாரம்)
எனக்கும் இதே பிரச்சனைதான், வெள்ளைக் கார். அந்த 4200 ரூபா மிஷின் லிங்க் இருந்தா அனுப்புங்க ப்ரோ.